வாற தண்ணி: மூன்று இலட்சத்துப் பன்னிரண்டாயிரம் லீற்றர்

போன மாதம் எங்கள் நலன்புரிச் சங்கத்தின் புதிய செயலாளர் அஸ்மி தொலைபேசியில் அழைத்தார். ஸலாம் சொல்லி, என் சுகம் விசாரித்து, மனைவியின் முழங்கால் வலியையும் விசாரித்து முடித்த பிறகும் அவர் விடயத்துக்கு வரவில்லை. சங்கத்துக்காரர் ஒருவர் இவ்வளவு நேரம் சுகம் விசாரித்தால் ஒன்றில் சந்தா கூடப்போகிறது, அல்லது என்னைப் பற்றி ஏதோ கண்டுபிடித்துவிட்டார்கள். இது இரண்டாவது.

"காக்கா, பழைய புத்தகங்கள எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துறம். நீங்க பொருளாளரா இருந்த காலத்துக் கணக்கு ஒண்டும் வெளங்குதில்ல. எல்லாம் லீற்றர்ல இரிக்கி."

"ஓம், லீற்றர்லதான் இரிக்கும்."

"அப்ப சல்லி எங்க காக்கா?"

"அதுதான் மனே சல்லி."

மறுமுனையில் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு பணிவாகக் கேட்டார்: "இந்த 'வாற தண்ணி' எண்டு ஒரு வரி இரிக்கே, அது என்ன? இப்பத்தப் பொருளாளர்ட்டக் கேட்டா, உங்களக் கேக்கச் சொல்றார்."

தொலைபேசியில் சொல்லி முடியாத சங்கதி என்றேன். அப்படியென்றால் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதித் தாருங்கள் என்று பிடித்துக்கொண்டார். மலரில் எல்லோரும் தாங்கள் அணைத்த நெருப்பைப் பற்றி எழுதுவார்கள். நான் ஒளித்து வைத்த சல்லியைப் பற்றி எழுதுகிறேன். கல்முனைக் கரையில் ஒரு நகரத்தின் தீயணைப்பு நிலையம் என்பதற்கு மேல் ஊரைச் சொல்லமாட்டேன். எங்கள் பொறுப்பதிகாரியின் பெயரையும் எழுதமாட்டேன். அவர் இப்போது ஓய்வில் நல்ல சுகத்தோடு இருக்கிறார், மலரையும் கட்டாயம் வாசிப்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பயிற்சிக்குக் கொழும்புக்குப் போனேன். மூன்று மாதம் ஏணியில் ஏற்றினார்கள், பிறகு இறக்கினார்கள், ஏன் மெதுவாக இறங்கினாய் என்று ஏசினார்கள். ஏச்செல்லாம் சிங்களத்தில் என்பதால் பாதிதான் என்னைத் தாக்கியது. அங்கே படித்ததில் கடைசி வரை என்னோடு இருந்தது ஒரே ஒரு விதிதான். தாங்கியில் உள்ள தண்ணீரில் கடைசிக் கால் பங்கு நெருப்புக்குரியதல்ல, அது ஆட்களுக்குரியது. உள்ளே போன ஆட்கள் வெளியே வரும்வரை அவர்களுக்கு முன்னும் பின்னும் அடித்துக்கொண்டு வருவதற்கு அந்தத் தண்ணீர் வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு எரிந்தாலும் எரியட்டும் என்று விடவேண்டும். ஊருக்கு வந்த பிறகு நாங்கள் அதற்கு 'வாற தண்ணி' என்று பெயர் வைத்தோம். ஆட்கள் திரும்பி வாற தண்ணி.

எனக்கு வேலை பம்பில். வண்டியின் பக்கத்தில் நின்று, மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கால் பங்குக்கு இறங்கியதும் விசில் ஊதவேண்டும். இருபத்தேழு வருடம் நெருப்பை நான் நேரே பார்த்ததைவிட அந்தக் குழாயைப் பார்த்ததே கூட.

சங்கம் தொடங்கியபோது பதினொரு பேர். ஆளுக்கு மாதம் இருநூறு ரூபா சந்தா. சங்கத்துக்கென்று ஒரு சின்னப் பெற்றோல் பம்பு வாங்கினோம். ஓய்வு நாட்களில் ஊரார் கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்கி, அந்தக் கூலியையும் சங்கத்தில் போட்டோம். பொருளாளர் பதவிக்கு யாரும் கை உயர்த்தவில்லை. நான் தலை சொறியக் கையைத் தூக்கினேன், தெரிவாகிவிட்டேன்.

கணக்குப் புத்தகம் வாங்கச் சல்லி செலவழிப்பானேன் என்று, நிலையத்தில் கழித்துப் போட்ட பம்புப் பதிவேடு ஒன்றை எடுத்துக்கொண்டேன். தடித்த அட்டை, நல்ல தாள். நிரல்கள் ஏற்கெனவே அச்சிட்டிருந்தன: உள்ளெடுத்த நீர், வெளியேற்றிய நீர், கசிவு, கழிவு நீர், மீதி. எல்லாம் லீற்றரில். நான் ஒன்றையும் வெட்டவில்லை. ஒரு ரூபாவுக்கு ஒரு லீற்றர். சந்தா உள்ளெடுத்த நீர், செலவு வெளியேற்றிய நீர், கூட்டத்துக்கு வாங்கிய தேத்தண்ணியும் வடையும் கசிவு. வங்கி எங்களைக் கேட்காமலே வட்டி போடுமே, அதை நாங்கள் தொடுவதில்லை. பொதுக் கழிப்பறை திருத்துபவர்களுக்குக் கொடுத்துவிடுவோம். அதற்குக் கழிவு நீர் என்ற நிரலைவிடப் பொருத்தமான இடம் எந்தக் கணக்காளர் வந்தாலும் கண்டுபிடிக்கமாட்டார்.

சேர்ந்த சல்லியில் செலவுக்கு வேண்டியதைக் கையில் வைத்து, மிச்சத்தை வங்கியில் போட்டேன். அதற்குத்தான் வாற தண்ணி என்று ஒரு வரி. எங்களில் ஒருவருக்கு வேலையில் ஏதும் நடந்தால் அவர் வீடு வந்து சேரும்வரை கொடுப்பதற்கு. மற்ற எதற்காகவும் தொடுவதில்லை.

முதலில் கஞ்சத்தனத்தால் செய்த வேலைதான். பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. பம்புப் பதிவேட்டை ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை. மேசையில் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கிடக்கும், யாரும் கடன் கேட்டு வரமாட்டார்கள். ஒளித்தேன் என்றும் சொல்ல முடியாது, வருடாந்தக் கூட்டத்தில் சத்தமாக வாசித்தேனே. சாப்பாட்டுச் சகன் வந்து இறங்கிய பிறகு வாசித்தேன், அவ்வளவுதான். ஆறு பேர் ஒரு சகனைச் சுற்றி உட்கார்ந்து, நடுவில் பொரித்த கோழி ஆவி பறக்கும்போது, மீதி இரண்டு இலட்சம் லீற்றர் என்றால் என்ன, இருபது இலட்சம் என்றால் என்ன? எல்லோரும் கணக்கு சரி என்று தலையாட்டினார்கள்.

இனி பொறுப்பதிகாரி. பதவி வழியாக அவர்தான் சங்கத் தலைவர். நாங்கள் சேர் என்போம். நெருப்பில் அவரைப் போல ஒரு ஆளை நான் கண்டதில்லை. நெருப்பு உயர உயர அவர் குரல் இறங்கும். மற்றவர்கள் கத்துகிற இடத்தில் அவர் காதோடு கதைப்பார், அதனாலேயே எங்களுக்குக் கேட்கும். ஆனால் நெருப்பில்லாத நாட்களில் அவருக்கு ஒரு நோய். கல்லில் பெயர் வெட்டுகிற நோய். தண்ணீர்க் குழாய் மாற்றினால் கல், வாகனக் கொட்டிலுக்குச் சுண்ணாம்பு அடித்தால் கல். செலவைப் பற்றிக் கதைக்கும்போது "நாங்க" என்பார், கல்லைப் பற்றிக் கதைக்கும்போது "நான்" என்பார். சல்லி தாருங்கள் என்று நேரே கேட்கமாட்டார். முகம் துடைக்கிற கைலேசியை நாலாக மடித்து மேசையில் வைத்துவிட்டு, "யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லிப் போய்விடுவார். அந்தக் கைலேசி மேசையில் கிடந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கையில் அவர் ஒரு நோன்பு நாளில் வர்ணப் படம் ஒன்றோடு வந்தார். நிலையத்துக்கு நுழைவாயில் வளைவு. இரண்டு தூண், மேலே பிறை போல வளைந்த கொங்கிறீற்று, நடுவில் அவர் பெயர். செலவு மூன்று இலட்சம்.

"நாங்க இத செஞ்சா ஊரே பாக்கும்," என்றார். "எங்கட சங்கத்தில எவ்வளவு இரிக்கி?"

நோன்பு வாயோடு பொய் சொல்ல ஏலாது. "கையில எட்டாயிரம்தான் இரிக்கி சேர்," என்றேன்.

கையில் எட்டாயிரம்தான் இருந்தது. வங்கியில் எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.

அந்த வளைவின் உயரம் படத்தில் பதினொரு அடி. ஏணியோடு எங்கள் வண்டி பதினொன்றரை அடி. அதையும் நான் சொல்லவில்லை, கட்டாத வளைவுக்கு அளவு பார்ப்பானேன்.

அடுத்த மாதம் அக்கரைப்பற்றுப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் உமி மேடு பற்றிக்கொண்டது. காலை பத்து மணி, நல்ல வெயில். உமி நெருப்பு மேலே தெரியாது. மேல் தோல் கறுத்து அமைதியாகக் கிடக்கும், உள்ளே தணல் குகை குகையாகத் தின்றுகொண்டு போகும். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் குழாயோடு மேட்டின் பின்பக்கம் போய்விட்டார்கள். அதில் ஒருவன் ஜவாத். மருதமுனைக்காரன், முப்பது வயது, அமைய ஊழியன். நிரந்தர நியமனம் இன்று வரும் நாளை வரும் என்று நாலு வருடம் காத்திருந்தவன். அவனுடைய மனைவி வீட்டில் கைத்தறியில் சாரம் நெய்வாள். கைக்குழந்தை ஒன்று.

கண்ணாடிக் குழாயில் மட்டம் கால் பங்குக்கு வந்தது. விசில் ஊதினேன். ஆலை முதலாளி ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "இன்னும் கொஞ்சம் அடிங்க காக்கா, அங்கால நெல்லு மூட்டை அம்புட்டும் இரிக்கி!"

சேர் பக்கத்தில் வந்தார். குரல் இறங்கியிருந்தது. "பம்பு, என்ன இரிக்கி?"

"வாற தண்ணி மட்டும் சேர்."

"அப்ப ஆக்கள எடுங்க."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். ஆட்கள் திரும்பி வருகையில்தான் ஜவாத்தின் வலது கால் மேட்டுக்குள் இறங்கியது. இடுப்பு வரை போய்விட்டான். கூடப் போனவன் குழாயை அவன் மேலே திருப்பினான், இரண்டு பேர் கயிறு போட்டு இழுத்தார்கள். வெளியே கிடத்திய பிறகும் அம்புலன்ஸ் வரும்வரை அவன் காலில் தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டே இருந்தோம். அம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது என் கண்ணாடிக் குழாயில் விரல் அகலம்தான் மிச்சம். நெல் மூட்டை எல்லாம் போய்விட்டது. முதலாளி அதன்பின் என் ஸலாமுக்குப் பதில் சொல்லவில்லை.

ஜவாத்தைக் கொழும்புக்கு மாற்றினார்கள். தோல் எடுத்துத் தோல் வைக்க வேண்டும், ஆறேழு மாதம் ஆகும் என்றார்கள். வைத்தியம் இலவசம். ஆனால் வேலைக்கு வராத நாளுக்கு அமைய ஊழியனுக்குச் சம்பளமில்லை. மனைவி தறியை மூடிவிட்டுக் குழந்தையோடு கொழும்பில் ஒரு அறை எடுத்துத் தங்கவேண்டும். மாதம் நாற்பத்தையாயிரத்துக்குக் குறையாது. வங்கியில் சங்கத்தின் சல்லி மூன்று இலட்சத்துப் பன்னிரண்டாயிரம். கணக்குப் போட்டேன், கையில் இருந்ததில் மூவாயிரத்தையும் சேர்த்தால் ஏழு மாதத்துக்குச் சரியாக இருந்தது. அல்லாஹ் அளந்து வைத்தது போல என்று நினைத்தேன்.

நினைத்ததோடு சந்தோசம் முடிந்தது. ஐம்பதாயிரத்துக்கு மேல் எடுப்பதென்றால், கணக்கைப் பிரதேச செயலகத்தில் பார்த்து உறுதிப்படுத்திய கடிதம் வேண்டும் என்றது வங்கி. புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனேன். அங்கே சங்கங்களுக்குப் பொறுப்பாக இருந்த மிஸ், பெரியநீலாவணை ஊர்ப் பிள்ளை. இருபது பக்கம் புரட்டினார். பிறகு பேனையை மூடி வைத்தார்.

"ஐயா, நீங்க தண்ணி விக்கிறீங்களா?"

"இல்ல மிஸ்."

"கிணறு இறைச்ச வரவு ரெண்டாயிரத்து ஐந்நூறு லீற்றர் எண்டு இருக்கு. இறைச்சா தண்ணி வெளியதானே போகும், உங்களுக்கு எப்பிடி உள்ள வந்தது?"

"அது சல்லி மிஸ்."

"கழிவு நீர் பதினோராயிரம்?"

"அது வட்டி."

அவர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார், பிறகு உத்தியோக முகத்தைத் திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டார். கடைசி வரியில் விரல் வைத்தார். "வாற தண்ணி மூண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். இவ்வளவு யாரிட்ட இருந்து வரக்கிடக்கு? எத்தின வருசமா வரேல்ல? அறவிட என்ன நடவடிக்கை எடுத்தனீங்க?"

இருக்கிற சல்லியை வரவேண்டிய கடன் என்று வாசித்துவிட்டார். அவரில் பிழை சொல்ல ஏலாது. வாற என்றால் வருகிறதுதானே. நெருப்புக்குள் போய் வந்தவனுக்குத்தான் அது வேறு சொல். வங்கிப் புத்தகத்தைக் காட்டினேன், தொகை சரி என்றார். ஆனாலும் லீற்றரை ரூபா என்று தான் எழுத முடியாது, சங்கத் தலைவர் எழுத்தில் விளக்கம் தந்தால்தான் உறுதிப்படுத்தலாம் என்றார். விளக்கம் கேட்டு எழுதிய கடிதத்தை அவர் தபாலில் அனுப்பவில்லை, என் கையிலேயே தந்தார். தலைவர் என்றால் சேர். கடிதத்தைக் கொடுத்தால் ஜவாத்தின் சல்லி வளைவாகிவிடும். கொடுக்காவிட்டால் வங்கியிலேயே கிடக்கும். பிரதேச செயலகத்திலிருந்து நிலையத்துக்கு நடந்தால் பத்து நிமிடம், அன்று எனக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது.

சேர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கைலேசியை எடுத்து நாலாக மடித்தார். "கையில எட்டாயிரம்," என்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டம் என்று பலகையில் எழுதினார்.

கூட்டத்துக்கு வர்ணப் படத்தோடு வந்தார். அவர் அநியாயக்காரர் இல்லை என்பதுதான் எனக்குப் பயம். அநியாயக்காரர் என்றால் எதிர்த்துக் கதைத்துவிடலாம். அவர் நியாயமாகத் தொடங்கினார்.

"ஜவாத்துக்கு நாங்க அம்பதாயிரம் குடுப்பம். அதுக்கு ஒரு கடிதமும் தேவயில்ல, நாளைக்கே எடுக்கலாம். மிச்சத்த வளைவுக்கு வைப்பம். ரெண்டும் நடக்கும். யோசிச்சுப் பாருங்க."

எல்லோரும் தலையை ஆட்டத் தொடங்கினார்கள். சகன் வந்த நேரத்தில் ஆட்டிய அதே தலைகள். இவர்களை இப்படிப் பழக்கியது நானேதான் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. எழும்பினேன்.

"சேர், அம்பதாயிரத்தில அவன் ஒரு மாசம்தான் இரிக்கலாம். ரெண்டாவது மாசம் பொஞ்சாதி ஊருக்கு வந்திருவா. அவன் அங்க தனியக் கிடப்பான்."

"நீங்க எனக்கிட்டக் கணக்க மறைச்ச ஆள்," என்றார் சேர். "சரி, சொல்லுங்க. சல்லி எண்டு எழுதாம ஏன் வாற தண்ணி எண்டு எழுதின?"

"மில்லில நீங்க என்ன இரிக்கி எண்டு கேட்டீங்களே சேர். நான் என்ன சொன்ன?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அதேதான் சேர் இதுவும். அண்டைக்கு அந்த முதலாளி என்ர கையப் பிடிச்சுக் கேட்டார். நீங்க குடுக்க விடல்ல."

சேர் படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு அதை இரண்டாக மடித்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்தார். அவர் கதைத்தபோது முன்வரிசைக்கு அங்கால் இருந்தவர்களுக்குக் கேட்டிராது. குரல் அவ்வளவு இறங்கியிருந்தது.

"ஆக்கள எடுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைப்பதற்குத் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தேன், அது காலி. காலிக் கோப்பையைக் கனநேரம் குடித்தேன்.

விளக்கக் கடிதத்தை சேர் அன்றே தன் கையால் எழுதினார். அதன் பிரதி இன்னும் புத்தகத்தில் ஒட்டியிருக்கிறது: "எமது சங்கத்தில் ஒரு லீற்றர் என்பது ஒரு ரூபாவாகும். வாற தண்ணி என்பது வரவேண்டிய கடன் அன்று. அது எமது ஆட்கள் திரும்பி வருவதற்கான தண்ணீராகும். மேற்படி முழுத் தொகையும் தற்போது ஓர் அங்கத்தவருக்காகத் திறந்துவிடப்படுகிறது. அவர் வந்து சேர்ந்ததும் தங்களுக்கு அறிவிக்கப்படும்." ஏழு மாதம் கழித்து ஜவாத் கைத்தடியோடு வந்து இறங்கியபோது, சேர் சொன்னபடியே இரண்டாவது கடிதமும் அனுப்பினார். அதில் ஒரே ஒரு வரி: "வந்துவிட்டார்." மிஸ் அதைக் கோப்பில் போட்டு முத்திரையும் குத்திவிட்டாராம்.

ஜவாத்துக்கு அதன்பின் ஏணி சரிவரவில்லை. பம்பில் என் பக்கத்தில் நிறுத்தினோம். நிரந்தர நியமனமும் ஒருவழியாக வந்தது. நான் ஓய்வு பெற்றபோது விசிலும் பொருளாளர் புத்தகமும் அவன் கைக்குப் போயின. சந்தா ஆயிரமாகி, சங்கமும் இப்போது முப்பது பேராகிவிட்டது. அவன் ரூபாவில்தான் எழுதுகிறான், ஆனால் அந்த ஒரு வரியின் பெயரை மாற்றவில்லை.

இதையெல்லாம் விளக்கப் போன கிழமை நான் நேரே நிலையத்துக்குப் போனேன். அஸ்மி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒதுக்கு நிதி என்று அடித்திருந்ததை அழித்து வாற தண்ணி என்று திரும்ப அடித்தார். இப்போதைய மீதியையும் எனக்கு வாசித்துக் காட்டினார். கேட்க நெஞ்சு குளிர்ந்தது. வெளியே பம்புக்குப் புதிதாக ஒரு கொட்டில் கட்டிக்கொண்டிருந்தார்கள், சுவரில் பூச்சு இன்னும் காயவில்லை. ஜவாத் நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் மெதுவாகப் பக்கத்தில் போய் நின்றேன். இருபத்தேழு வருடம் பம்பில் நின்றவன் நான். ஆசை யாரை விட்டது?

"ஜவாத், இந்தச் சுவர் சும்மா மொட்டையாக் கிடக்கு. சின்னதா ஒரு கல்லு வெச்சா என்ன? ஆர்ர பேரும் போடலாம். பெரிசாச் செலவாகாது."

அவன் சுவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"கையில எட்டாயிரம்தான் இரிக்கி காக்கா."

வங்கியில் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.